துணைக்குடம்

நெடுமடு ஏரி. நடு மிதவை நிலையம்.
குறிப்பு எழுதுபவர்: ம. தெய்வானை, மீன்வள உயிரியலாளர்.

2074 செப்டம்பர் 3. காலை 07.10

மேல்நீர் வெப்பம் 29.2. இருபது மீட்டர் ஆழத்தில் 23.8. ஆக்சிஜன் மேலே 6.4, கீழே 3.9. காற்று தென்மேற்கு, பெயருக்கு. காற்றூட்டிகள் ஒன்பதும் ஓடுகின்றன.

மாதிரி வலையில் 212 மீன். சேல்கெண்டை 88, ஆரால் 19, விரால் 7, சில்லறை மீன்கள் 67. ஜிலேபி 31. முப்பத்தொன்றும் ஆண். பெண் ஒன்றுகூட இல்லை.

இந்தக் குறிப்பேட்டைத் திட்டம் முடிந்த பிறகுதான் திறப்பார்கள். அதைத் திறந்து படிக்கப்போகும் புண்ணியவானுக்கு விவரம் சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் இதே வலையில் நூறு மீன் விழுந்தால் தொண்ணூறு ஜிலேபி. மற்ற மீனின் முட்டையைத் தின்று, தீனியைத் தின்று, இடத்தையும் பிடித்துக்கொண்ட மீன். 2068இல் மரபணு மாற்றிய ஜிலேபிகள் ஆயிரத்தை இங்கே விட்டோம். அவற்றின் வம்சத்தில் பெண் பிறக்காது. பிள்ளைக்குப் பிள்ளை அந்தக் குணம் தொடரும். சாதாரண ஜிலேபியோடு கூடினாலும் அதன் வம்சத்தையும் பிடித்துக்கொள்ளும். கடைசியில் எல்லாம் ஆண், பிறகு எல்லாம் காலி. வடிவமைத்தவர்களில் ஒருத்தி நான்.

நெடுமடு ஆழமான ஏரி, வெளியே போகும் கால்வாய் கிடையாது, அடியில் குளிர் இருக்கிறது. அதனால் நாட்டு மீன்கள் திரும்பி வந்துவிட்டன. கீழ்நாட்டுச் சின்ன ஏரிகள் அப்படியல்ல. வெயில் காலத்தில் தண்ணீர் முப்பத்தாறு பாகை. அந்தக் கொதிப்பில் ஜிலேபி ஒன்றுதான் பிழைக்கும். அங்கே அதுதான் ஏழை வீட்டுக் குழம்பு. இங்கே களை, அங்கே சோறு. ஆகவே சட்டம் ஒன்றே ஒன்று: நெடுமடுவிலிருந்து உயிரோடு ஒரு மீனும் வெளியே போகக்கூடாது. பிடித்த மீனைச் செவுள் கீறித்தான் கரையேற்ற வேண்டும். கரைச் சாவடியில் மாரப்பண்ணன் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார்.

இந்த நிலையத்தில் ஆறு மாதத்துக்கு ஒருவர். இது என் முறை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை அரிசியும் பருப்பும் வரும். என் சமையலைச் சாப்பிட வேறு ஆள் இல்லை என்பது அரசாங்கம் செய்த நல்ல காரியம்.

செப்டம்பர் 9. மதியம் 12.35

வெப்பம் 29.6. ஆக்சிஜன் 6.1.

திட்ட இயக்குநர் ஞானதுரையிடமிருந்து செய்தி:

"தெய்வானை மேடம், வெண்ணாங்குடி ஏரியில எடுத்த மாதிரில நம்ம மரபணு அடையாளம் இருக்கு. ரெண்டு தடவை பார்த்தாச்சு. நூறுல நாப்பது மீன்ல இருக்கு. வெண்ணாங்குடி உங்க ஏரிக்கு தொண்ணூறு கிலோமீட்டர். மீன் பஸ் ஏறிப் போகாது. யாரோ கொண்டுபோய் விட்டிருக்காங்க. எப்படின்னு யோசிங்க."

யோசிக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். யோசிக்க எதுவும் இல்லை. செய்தியைக் கேட்ட அந்த நொடியே எனக்குத் தெரியும். கையிலிருந்த அளவுக் குழாய் விழுந்து உடைந்தது. சேதக் கணக்கில் எழுதிவிட்டேன்.

செப்டம்பர் 10. காலை 09.00

வெப்பம் 29.5. மற்றவை நேற்றுப்போல.

மாரப்பண்ணனைப் பணியிலிருந்து நீக்கிவிட்டார்கள். சாவடிக் காவலரின் கண்ணில் படாமல் உயிர்மீன் வெளியே போக வழியில்லை, ஆகவே அவர் கைநீட்டியிருக்க வேண்டும் என்பது இயக்குநரின் கணக்கு. மீன் திருடும் கும்பல் ஒன்று இருக்கிறதாம். கும்பலுக்கு ஒரு பெயர்கூட வைத்துவிட்டார்கள்.

மாரப்பண்ணன் ஒரு விரால் குஞ்சைக்கூடச் சும்மா வாங்காதவர். ஒருமுறை என் பையையே குடைந்து பார்த்தார். "அம்மிணி, நீங்க பெரிய ஆபீசருதான், ஆனா பைக்கு அது தெரியாதுங்களே" என்றவர்.

அவரிடம் விசாரித்தார்களாம். "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று மட்டும் சொன்னாராம். அவருக்கும் தெரியும். எனக்குத் தெரிவது போலவே.

செப்டம்பர் 12. மாலை 04.20

அளவுகள் எடுத்தேன். சுவரில் எழுதியிருக்கிறது, இங்கே ஏற்றவில்லை. இன்று வேறொன்றை எழுத வேண்டும்.

நெடுமடுக் கரையில் பிறந்த பெண் கட்டிக்கொடுத்துப் போகும்போது துணைக்குடம் போகும். இந்த ஏரித் தண்ணீரில் சில உயிர்மீனை விட்டு, வாயில் மஞ்சள் துணி கட்டி, பெண்ணின் மடியில் வைத்து வண்டி ஏற்றுவார்கள். புகுந்த ஊர் ஏரியில் அவள் தன் கையால் அவற்றை விடுவாள். புதுத் தண்ணீரில் அவளுக்குத் தெரிந்த உயிர் சிலவாவது இருக்கட்டும் என்று. வழியில் அந்தத் துணியை யாரும் அவிழ்க்கக்கூடாது. கணவன் கூடாது, மாமியார் கூடாது, போலீஸ் கூடாது. அவிழ்த்தால் அவள் வாழ்வு அவிழ்ந்துவிடும் என்பது பேச்சு. மாரப்பண்ணன் இந்தக் கரைக்காரர். கல்யாண வண்டியில் எல்லாவற்றையும் சோதித்திருப்பார், பெண்ணின் மடியைத் தவிர.

நானும் இந்தக் கரைக்காரிதான். பள்ளிக்கூடத்துக்கு மீன் வாடையோடு போனவள். கல்யாணம் செய்துகொள்ளாததால் எனக்குக் குடம் வாய்க்கவில்லை, ஆனால் குறைந்தது முப்பது குடத்துக்குத் துணி கிழித்துக் கொடுத்திருப்பேன்.

2068இல் மாற்றிய மீனை விடுவதற்கு முன் உயிர்ப்பாதுகாப்புப் படிவம் ஒன்று வந்தது. கேள்வி 31: இந்நீர்நிலையிலிருந்து உயிருள்ள மீன்களை வேறு நீர்நிலைகளுக்குக் கொண்டுசெல்லும் பழக்கம் உள்ளூர் மக்களிடம் உண்டா?

இல்லை என்று எழுதினேன்.

ஏன் எழுதினேன்? உண்டு என்றால் இரண்டு வருட ஆய்வு. அதற்குள் திட்டம் வேறு ஏரிக்குப் போய்விடும், இங்கே கடைசி ஆராலும் செத்திருக்கும். இது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம், பொய்யும் அல்ல. இன்னொன்றும் உண்டு. ஒரு குழு வந்து எங்கள் பெண்களின் மடியைச் சோதிப்பதையும், அறிக்கையில் எங்களைக் காட்டுமிராண்டிகள்போல் எழுதுவதையும், அந்த மேசையில் நான் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பதையும் நினைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் பெரிய காரணம். கரையில் சொல்லிவைத்தால் நிறுத்திவிடுவார்கள் என்றும் நினைத்தேன். பிறகு கரையிலும் சொல்லவில்லை. எந்தத் தாயிடம் போய், உன் மகள் தனியாகப் போகட்டும் என்று சொல்வது?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் ஓர் ஏரியையே மறைத்தேன்.

செப்டம்பர் 15. காலை 10.15

வெப்பம் 29.9. மூன்றாம் காற்றூட்டி நின்றுவிட்டது. சரிசெய்யப் படகு வராது. விசாரணை முடியும்வரை நிலையத்துக்குப் போக்குவரத்து கிடையாதாம். அரிசி இருக்கிறது.

அக்கா மரகதம் கரை மீனவர் சங்கத்து வானொலியில் வந்தாள்:

"ஏம்புள்ள, மாரப்பண்ணன போலீசு கூட்டிட்டுப் போயிருச்சு. அந்த மனுசன் சொட்டுத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்குதாம். அண்ணி வந்து எங்கிட்ட அழுவுது, உன் தங்கச்சி பெரிய எடத்துல இருக்கறா, ஒரு வார்த்த சொல்லச் சொல்லுன்னு. சொல்லேன் தெய்வான. உன் சொல்லு எடுபடுமல்ல?"

பார்க்கிறேன் அக்கா என்றேன். என் சொல் எடுபடும் என்பதுதானே சிக்கல்.

செப்டம்பர் 19. காலை 11.40

வெப்பம் 30.1.

இரண்டாவது ஏரியிலும் அடையாளம் கிடைத்துவிட்டது. அதோடு வானிலைக் கணிப்பும் வந்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழை இந்த வருடம் முன்கூட்டியே, அக்டோபர் முதல் வாரத்தில்.

படிப்பவருக்குப் புரிய வேண்டும். கீழ்நாட்டு ஏரிகள் சங்கிலி. மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு ஓடும், அது நிரம்பினால் அடுத்தது, கடைசியில் ஆறு. தண்ணீரோடு மீனும் போகும். ஆற்றில் ஒருமுறை இறங்கிவிட்டால் இந்த மரபணுவைத் திருப்பிக் கூப்பிட முடியாது. ஆறு தொடும் ஏரி, குளம், கால்வாய் எல்லாவற்றிலும் பெண் ஜிலேபி பிறப்பது நிற்கும். நாலைந்து வருடத்தில் கீழ்நாட்டுக் குழம்புச் சட்டிகள் காலி. இப்போது எல்லா ஏரியும் வற்றிக் கிடக்கிறது, கலங்கல் எதுவும் ஓடவில்லை. ஆக, மழைக்குள் தீர்த்தால் உண்டு.

இயக்குநர் இன்று நாரையைச் சந்தேகிக்கிறார். நாரைக் காலில் முட்டை ஒட்டிக்கொண்டு போயிருக்கலாமாம். ஜிலேபி தன் முட்டையை வாயில் வைத்துக் காப்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். மனிதர்களை நம்ப முடியாமல் பறவைக்குப் போயிருக்கிறார்.

மதியம் 02.05: சொல்லிவிட்டேன். துணைக்குடம், கேள்வி 31, எல்லாம். பேசும்போது குரல் உடையவில்லை. அறிக்கை வாசிப்பதுபோல் வாசித்தேன்.

மதியம் 02.30. அவர் பதில்:

"ஆறு வருசமா இது உங்களுக்குத் தெரியும். ஆறு வருசமா கூட்டத்துல என் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. திட்டுறதுக்கு இப்ப நேரம் இல்ல மேடம், மழைக்கு முன்னாடி எல்லா ஏரிக்கும் மீன்கொல்லி மருந்து போடணும். எந்தெந்த ஏரின்னு எனக்குத் தெரியணும். ஆறு வருசத்துல உங்க கரையிலிருந்து கட்டிக்குடுத்த ஒவ்வொரு பொண்ணும், எந்த ஊர், எந்த ஏரி. உங்களால மட்டும்தான் கேட்டு வாங்க முடியும். இருபத்தஞ்சாம் தேதிக்குள்ள."

செப்டம்பர் 20. காலை 08.30

மாரப்பண்ணனை விட்டுவிட்டார்கள். வானொலியில் வந்தார்:

"ஏனம்மிணி சொன்னீங்க? நாந்தான் வாயத் தொறக்கலீங்களே. இன்னும் ஒரு மாசம்னாலும் உக்காந்திருப்பனுங்க. நம்ம புள்ளைக மடிய ஊரு பூராம் பாக்க வச்சுட்டீங்களே."

அவரைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 22. மாலை 05.50

வெப்பம் 30.0. காற்றூட்டி ஏழுதான் ஓடுகிறது.

இன்று முழுக்க வானொலி. சங்கத்தில் இப்படிச் சொல்லச் சொன்னேன்: திட்டம் வெற்றி, விழா எடுக்கிறார்கள், நெடுமடுவில் பிறந்து வெளியூருக்கு வாழப்போன பெண்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பப் போகிறோம், ஊர்ப் பெயரும் ஏரிப் பெயரும் கொடுங்கள்.

உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒருத்தியும் வாய் திறந்திருக்க மாட்டாள். அதனால் இன்னொரு பொய். இதற்குள் கை பழகிவிட்டது.

தாய்மார்கள் சங்கத்து வாசலில் வரிசை கட்டி நின்றார்களாம். ஒருத்தி பேசி முடிப்பதற்குள் அடுத்தவள் பிடுங்கினாள்.

"எம்மக கோமதி, நெல்லிச்சேரி. ஏரி பேரு பெரியேரி. அங்க மச்சு வூடு கட்டிட்டாங்க, எழுதிக்கோ."

"எம்பொண்ணு அஞ்சலை, கருவேலம்பாடி. ரெண்டு ஆம்பளப் புள்ள. அழைப்புல புருசன் பேரையும் போடு தெய்வான, இல்லன்னா கோவிச்சுக்குவாரு."

"சின்னேரியா பெரியேரியான்னு தெரியல கண்ணு. கொடத்த எறக்கி வுட்ட எடம் ஆலமரத்துப் படித்துறைன்னு சொன்னா."

எழுதினேன். மச்சு வீட்டையும் எழுதினேன். நாற்பத்திரண்டு பெண்கள்.

அக்காவும் கடைசியில் வந்தாள். "நம்ம சுடர மறந்துராத புள்ள. ஆனைவாரி ஏரி. அஞ்சு மாசம், வண்டியில அலுங்காம கூட்டியாரச் சொல்லு." சுடர்க்கொடி அக்கா மகள். நாற்பத்து மூன்று.

செப்டம்பர் 24. காலை 09.25

வெப்பம் 29.7.

விஷயம் கசிந்துவிட்டது. வெண்ணாங்குடி ஏரிக்கரையில் மருந்துப் பீப்பாய்களை இறக்கும்போது யாரோ காரணத்தைக் கேட்டிருக்கிறார்கள், யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெண்ணாங்குடிக்கு வாழப்போனவள் செவ்வந்தி. இரண்டு வருடம் ஆகிறது, கையில் குழந்தை. ஊர் அவள் வீட்டு முன் கூடியது. குடத்தில் சாபத்தைக் கொண்டுவந்தவள் என்று மாமியாரே மண்ணை வாரி இறைத்தாளாம். குழந்தையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அவளை மட்டும் பஸ் ஏற்றிவிட்டார்கள்.

அக்கா வானொலியில்: "செவ்வந்தி சங்கத்து வாசல்ல உக்காந்திருக்குது. மாரு கட்டிக்கிட்டுப் பால் சொட்டுது, புள்ள அங்க கெடக்குது. ஏன் தெய்வான, எல்லா ஊரையும் எழுதி வாங்குனியே, விழாவுக்குன்னுதானே? விழாவுக்குத்தானே புள்ள?"

நான் வானொலியை அணைத்தேன். மழைக் காற்று அடிக்கிறது, தொடர்பு சரியில்லை என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

காற்றே இல்லை. ஏரி தட்டையாகக் கிடக்கிறது.

செப்டம்பர் 25. மதியம் 12.00

பட்டியலை அனுப்பிவிட்டேன். நாற்பத்திரண்டு ஏரி.

காரணத்தை எழுதி வைக்கிறேன், நானே ஒருநாள் மறந்துவிடக்கூடாது. சுடரின் கல்யாணம் 2071 தை மாதம். எனக்கு அப்போதே பயம் இருந்தது. அதனால் அவள் குடத்துக்கு மீனை நானே பிடித்தேன். நான்கு சேல்கெண்டை. ஒவ்வொன்றின் செவுளையும் விரித்துப் பார்த்தேன். தண்ணீரைக்கூட மூன்று முறை வடிகட்டி ஊற்றினேன். ஜிலேபியின் ஒரு முட்டைகூட அதில் போயிருக்க வாய்ப்பில்லை. ஆகவே ஆனைவாரியைச் சேர்க்க அறிவியல் காரணம் ஏதுமில்லை. இப்படித்தான் எந்தக் குழுவின் முன்னும் நிற்பேன்.

மற்ற நாற்பத்திரண்டு குடத்தைப் பற்றியும் அதே பயம் இருந்ததே, அவர்களுக்கு ஏன் பிடித்துக் கொடுக்கவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. அவர்கள் என் அக்கா மகள்கள் அல்ல.

இயக்குநர்: "இவ்வளவுதானா? நிச்சயமா? ஆனைவாரி இல்லியே? ஏன் கேக்கறேன்னா, சங்கிலில அதுதான் கடைசி ஏரி, கலங்கல் நேரா ஆத்துல விழுது. அந்தப் பக்கம் உங்க பொண்ணு யாரும் போகலையே?"

"அந்த ஏரி சுத்தம் சார்" என்றேன்.

உங்கள் வார்த்தை போதும் என்றார். இத்தனைக்குப் பிறகும் போதும் என்றார். நல்ல மனுஷன். அவர் கொஞ்சம் கெட்ட மனுஷனாக இருந்திருக்கலாம்.

அக்டோபர் 1. மாலை 03.30

வெப்பம் 28.8. காற்றூட்டி ஆறு. அரிசி குறைகிறது, பசியும் குறைகிறது.

மருந்து போட்டு முடித்துவிட்டார்கள். மேலிருந்து எடுத்த படங்களை எனக்கும் அனுப்பியிருக்கிறார்கள், கடமைக்கு. நாற்பத்திரண்டு ஏரியும் கரையோரம் வெள்ளை வெள்ளையாக. ஜிலேபி மட்டுமா, கெளுத்தி, குரவை, தவளைக் குஞ்சு, எல்லாம் வயிறு காட்டி மிதக்கின்றன. நெல்லிச்சேரிக்காரர்கள் கூடைகூடையாக அள்ளிக் குழிவெட்டிப் புதைக்கிறார்கள். கருவேலம்பாடியில் ஒரு கிழவர் முழங்கால் தண்ணீரில் சும்மா நிற்கிறார். அள்ளவும் இல்லை, ஏறவும் இல்லை.

அடுத்த வருடம் சுத்தமான ஜிலேபிக் குஞ்சு விடுவார்களாம். அதுவரை ஊருக்கு என்ன குழம்பு என்று யாரும் சொல்லவில்லை.

பதினேழு பெண்களைப் புகுந்த வீட்டார் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அக்கா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சுடரைப் பற்றி ஒரு வார்த்தையும் யாரிடமும் அவள் எடுக்கவில்லை. அவளும் என்னோடு சேர்ந்து மறைக்கிறாள், பேசாமலே.

இவ்வளவு நடந்தும், ஆற்றைக் காப்பாற்றிவிட்டோம். அதையாவது எழுதிக்கொள்கிறேன்.

அக்டோபர் 5. காலை 06.50

மழை. ஒரே நாளில் பதினெட்டு சென்டிமீட்டர். நிலையத்தின் கிழக்குச் சங்கிலி அறுந்துவிட்டது, மிதவை மெதுவாகத் திரும்புகிறது. வெப்பமானி மேல்நீர் மட்டும் காட்டுகிறது: 26.1.

கீழ்நாட்டில் மேல் ஏரிகள் நிரம்பிவிட்டன. செத்த ஏரிகள் செத்த தண்ணீரை அடுத்த ஏரிக்குக் கொடுக்கின்றன.

அக்டோபர் 7. காலை 10.05

சுடரின் குரல்செய்தி. முழுதும் அப்படியே எழுதுகிறேன்.

"சின்னம்மா, நல்லாருக்கீங்களா? இங்க ஆனைவாரி நெரம்பி முந்தாநேத்துல இருந்து கலங்கல் போகுது, பாக்கவே கண்கொள்ளாது. ஊரே கலங்கல்ல நின்னு மீன் அள்ளுது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும், நீங்கதான் மீன் டாக்டராச்சே. எனக்கு மீன் சினை திங்கணும்னு ஆசையா இருக்குன்னேன். அத்தை பாவம், நேத்து அம்பது ஜிலேபிய அறுத்துப் பாத்தாங்க. ஒண்ணுலகூட சினை இல்ல. எல்லாமே கடா மீனு. மாமா சொல்றாரு, இந்த வருசம் குஞ்சே கண்ணுல படலியாம். இது என்ன சின்னம்மா, நோவா?"

மூச்சு விட்டுவிட்டு மறுபடி:

"இன்னொண்ணு. அம்மா என்னமோ போன்ல அழுவுறா, உன் கொடத்துல என்ன மீன் போச்சுன்னு யார் கேட்டாலும் கெண்டைன்னு சொல்லுன்னு. கெண்டைதான சின்னம்மா நீங்க போட்டது? நாலு. அப்புறம் நம்ம ஊர்ப் படித்துறையில, துணி கட்டறதுக்கு முன்னாடி, அம்மா நாலு ஆகாது, ஒத்தப்படையில போகணும்னு ஒரு ஜிலேபியப் புடிச்சுச் சேத்து விட்டா. அதுனால ஒண்ணும் இல்லியே?"

காலை 10.40: தட்டு வரிசைகூட ஒற்றைப்படையில்தான் வைப்போம். எனக்குத் தெரியும். எங்கள் கரையில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் தெரியும். நான்கு கெண்டையைப் பொறுக்கி, தண்ணீரை மூன்று முறை வடிகட்டி, மேல்படிப்பெல்லாம் படித்த நான் நான்கை வைத்துவிட்டு வந்தேன். யாராவது ஒன்று சேர்ப்பார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் தோன்றாமலா இருந்தது? தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

காலை 11.10: சுடருக்குப் பதில் அனுப்பினேன். "நோவு ஒண்ணும் இல்லடா தங்கம். ஈரத்துல நிக்காத."

அக்டோபர் 8. காலை 06.15

வெப்பமானி நின்றுவிட்டது. காற்றூட்டி எத்தனை ஓடுகிறதென்று பார்க்கப் போகவில்லை.

காலை 06.20: இயக்குநருக்கு எழுதினேன். நாற்பத்து மூன்று. சுடர்க்கொடி, ஆனைவாரி ஏரி. கலங்கலை மண்மூட்டை போட்டு அடைத்தால், ஆற்று முகத்தில் வலை கட்டினால், இன்றைக்கே செய்தால்.

அவள் பெயரை என் விரலால் எழுதினேன். சிறு வயதில் அந்தப் பெயரை எழுதப் பழக்கியதும் நான்தான்.

காலை 08.45. பதில்:

"மேடம், ஆத்து மாதிரி இன்னைக்குக் காலைல வந்துருச்சு. நாலு எடத்துல எடுத்தது, நாலுலயும் அடையாளம் இருக்கு. இனி அடைச்சுப் பிரயோஜனம் இல்ல. நாப்பத்திரண்டு ஏரியக் கொன்னது வீணாப் போச்சு. அதை நான் எந்த மூஞ்சிய வெச்சு அந்த ஊர்ல சொல்வேன்? ஆனைவாரிக்கு இனி மருந்து போடப் போறதில்ல. விசாரணை அறிக்கைய இன்னைக்கு வெளியிடறாங்க. உங்க பட்டியல் அதுல இணைப்பு. நாப்பத்து மூணாவதும் சேர்ந்துருச்சு, நீங்க அனுப்பினது தானாவே ஏறிருச்சு. இனி எனக்கு எதுவும் அனுப்பாதீங்க."

காலை 08.50: எடுத்துவிடுங்கள் என்று அனுப்பினேன். கடைசிப் பெயரை மட்டும். இப்போது அது யாருக்கும் தேவையில்லையே.

காலை 08.58: மறுபடி.

காலை 09.20: அக்கா வானொலியில். பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அணைத்துவிட்டாள்.

காலை 09.40: சுடரைக் கூப்பிடுகிறேன். அங்கிருந்து கிளம்பு, மாற்றுப் புடவைகூட எடுக்காதே, இப்போதே பஸ் ஏறு என்று சொல்ல வேண்டும். எடுக்கவில்லை.

காலை 09.55: எடுக்கவில்லை.

காலை 10.30: எடுத்தார்கள். அவள் இல்லை. ஆண் குரல், அவள் மாமனாராக இருக்கும். "யாரு பேசறது?" என்று கேட்டார். பின்னால் நிறையப் பேர் சத்தம். நான் யாரென்று சொன்னேன்.

காலை 10.31: வைத்துவிட்டார்.

காலை 10.45: எடுக்கவில்லை.

காலை 11.20: எடுக்கவில்லை. மறுபடி கூப்பிடுகிறேன்.